கல்யாணத்தோடு முடியும் கதைகள்

பதுளையில் உயர்தர வகுப்புப் படித்தபோது ஆங்கில இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்தேன். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மடமடவென்று ஆங்கிலம் பேசுவார்கள். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போன எனக்கு வாயைத் திறந்தாலே வியர்க்கும். ஆனால் அந்தப் பழைய நாவல்கள் எனக்குத்தான் சட்டென்று பிடிபட்டன. அப்பா செத்துப்போனால் வீடு யாருக்கு என்பதுதான் பாதி நாவல்களில் பிரச்சினையே. மகன் இல்லாவிட்டால் சொத்து எங்கோ இருக்கும் ஆண் உறவினனுக்குப் போய்விடும். பெண்கள் அதற்குள் நல்ல மாப்பிள்ளையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். எங்களுக்கு இருந்தது, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில் ஒரு காம்பரா. பத்துக்குப் பத்து அறை, பக்கத்தில் ஓர் அடுப்படி. அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போகும்வரை இருக்கலாம் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அம்மாவுக்கு மூட்டு வீங்கி மலை ஏற முடியாமல் போனதும் அக்கா பேர் பதிந்தாள்; விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள். அதனால் காம்பராவும் இருந்தது, என் படிப்பும் நடந்தது.

வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தால் அக்காவுக்குக் கதை சொல்ல வேண்டும். ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பாள்.

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இன்னும் பாதிக் கதை இருக்குக்கா."

"என்னத்துக்கு இம்புட்டு இழுக்குறாங்க? புடிச்சிருக்குன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே."

அந்தத் துரைமார் வேலைக்குப் போக மாட்டார்களா என்றும் கேட்பாள். போக மாட்டார்கள், நடப்பார்கள், கடிதம் எழுதுவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள் என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பாள். கல்யாணம் முடிந்தது என்று சொன்னதும் கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவாள். அதற்கு மேல் அவளுக்குக் கதை வேண்டாம்.

அக்காவுக்கும் ஒருவரைப் பிடித்திருந்தது. கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எங்கள் லயத்துக் கல்யாணம் ஒன்றுக்கு வந்த இடத்தில் பேசிப் பழக்கம். கோயிலுக்குப் பின்னால் உள்ள பாறையில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே போய்க் குந்திக்கொண்டு பேசுவாள். மாதத்தில் ஒரு ஞாயிறு இருவரும் பதுளையில் சந்திப்பார்கள். காவலுக்கு நான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹோட்டலில் அடுத்த மேசையில் பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்காருவேன். அந்தப் புத்தகத்திலும் பெண்ணுக்குத் துணையாக ஒருத்தி கூடவே போய்க்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பாக வரும். அக்கா அவ்வளவு அழகாக இருந்ததை அந்த ஞாயிறுகளில்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு தை மாதம் அவர் தன் அம்மாவுடன் பெண் கேட்டு வந்தார். இரண்டு அம்மாக்களுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகுதான் பேச்சு காம்பராவுக்கு வந்தது. அவருக்கும் அப்பா இல்லை. அவர் பேரில்தான் அங்கே அவர்கள் காம்பரா இருந்தது. அக்கா அங்கே போனால் எங்கள் அம்மாவுக்கு வீடில்லை. அவர் இங்கே வந்தால் அவர் அம்மாவுக்கு வீடில்லை.

"அப்ப எங்களோட வந்து இருங்கம்மா" என்று அவர் எங்கள் அம்மாவிடம் சொன்னார்.

"பொண்ணக் கட்டிக் குடுத்த வீட்டுல வந்து குந்தறதா? நல்லா இருக்காது தம்பி" என்றார் அம்மா.

"அப்ப நான் இங்க வந்து பேர் பதியுறேன். அம்மாவும் வரட்டும்."

அவருடைய அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "சம்பந்தி வீட்டுல போயி ஒண்டிக்கிட்டுக் கெடக்கச் சொல்றியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒழுகுகிற கூரை, குடியிருக்க மட்டும் விட்ட அறை, அதற்குள் இத்தனை கௌரவம். நான் படித்து முடிக்கும்வரை பொறுங்கள், வேலை கிடைத்ததும் அம்மாவை நான் கூட்டிப்போகிறேன் என்றேன். சின்னப் பிள்ளை பேச்சு என்று யாரும் காதில் வாங்கவில்லை.

அந்த நாவல்களில் பெண்ணுக்கு வேறு அதிகாரம் எதுவும் கிடையாது, வந்தவனை வேண்டாம் என்று சொல்லலாம், அவ்வளவுதான். அக்கா தேத்தண்ணித் தட்டை வாங்குப் பலகையில் வைத்தாள். "நீங்க அத்தைய விட்டுட்டு வர வேணாம். நானும் எங்கம்மாவ விட்டுட்டு வரல" என்று அவரிடம் சொன்னாள். அவர் அழுதார், எல்லோர் முன்னாலும். அக்கா அழவில்லை.

எனக்கு ஆசிரியர் நியமனம் வந்தபோது அவருக்குக் கல்யாணமாகி, மனைவி கொஸ்லந்தத் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தாள். அக்கா கோயில் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். பிறகு நானும் கல்யாணம் செய்து பதுளையில் குடியேறினேன். அம்மாவும் இறந்துபோனார். என்னோடு வந்து இரு அக்கா என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"தங்கச்சியக் கட்டிக் குடுத்த வீட்டுல நான் வந்து குந்தறதா?" என்கிறாள். அம்மாவின் அதே வார்த்தை, அதே முகம். யாருக்காகக் காம்பராவைக் காத்தாளோ அந்த அம்மாவே இல்லை. காம்பராவும் அக்காவும்தான் மிச்சம்.

இப்போதும் அந்த நாவல்களைத்தான் பள்ளியில் கற்பிக்கிறேன். திருமணத்தை முடிவு செய்வது காதலா, சொத்தா என்று கேள்வி வரும். மாணவிகள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். போன வாரம் லயத்துக்குப் போயிருந்தபோது அக்கா பழையபடி ரொட்டி தட்டிக்கொண்டே கதை கேட்டாள். சொன்னேன். கடைசியில் கதையில் வரும் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. இந்த முறை அக்கா எழுந்திருக்கவில்லை.

"அந்தப் புள்ளைக்கு ஒரு அக்கா இருந்துச்சே, கல்யாணம் ஆகாம. அது என்னாச்சு?"

"அதப் பத்தி எழுதலக்கா."

"வீட்ட விட்டு அனுப்பிருவாங்களா?"

"இல்ல. ஒரு ரூம் குடுத்துருப்பாங்க."

"எது வரைக்கும்?"

புத்தகத்தில் இல்லாததைச் சொன்னேன். "கடைசி வரைக்கும்."

"அப்ப சரி" என்று சொல்லி அடுப்பை அணைத்தாள். விடிந்தால் அவள் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும்.