மழையில் பால்மரம் வெட்டிய கதை

இன்று அலோர் ஸ்டார் பத்திரிகைக் கடையில் ஓர் அக்கா, மாதம் ஒரு பேய் நாவல் எழுதும் நம் எழுத்தாளரின் புதுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“இது அவரு எழுதல லா, அண்ணே.”

“அட்டையில அவரு பேருதானே இருக்கு,” என்றார் கடைக்காரர்.

“கொட்டுற மழையில ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனவள பேய் புடிச்சிருச்சாம். மழையில எவன் வெட்டுவான்? பால் புடிக்கிற மங்குல தண்ணிதான் நிக்கும். பாடாங் மேஹா தோட்டத்துல நான் இருபது வருஷம் மரம் வெட்டுனவ. அவரும் தோட்டத்துல பொறந்தவரு. இத எழுத மாட்டாரு.”

நான் குறுக்கே புகுந்தேன். “வேற யாரோ எழுதித் தர்றாங்கன்னு ஃபேஸ்புக்ல ரொம்ப நாளா பேசுறோம், அக்கா.”

“பேசுறீங்க, சரி. அவருக்கு என்னாச்சுன்னு யாராச்சும் போய்ப் பார்த்தீங்களா?”

கடைக்காரர் புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தார். பத்து வருடமாக அதே படம்.

யார் எழுதுவது என்று இங்கே, ஃபேஸ்புக்கில், மாதக்கணக்கில் கமெண்ட் போட்டிருக்கிறோம். பாதி நான் போட்டது. அவர் யான் என்ற ஊரில் தனியாக இருப்பதாகக் கேள்வி. காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

கடைசியாக அவரை நேரில் பார்த்தது யார்?

இதற்கும் கமெண்ட் போடுங்கள், பார்ப்போம்.