சோணையம்மாள் மடி

அனுமந்தன்பட்டி சோணையம்மாளுக்கு ஜன்னலோரம் சீட்டு கிடைத்துவிட்டால், குமுளி பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் நிம்மதி. "கொஞ்சம் பிடிங்க" என்று யார் பையை நீட்டினாலும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். டிபன் பை, குடை, கைக்குழந்தை, ஒருமுறை காலைக் கட்டிய சேவல்கூட அங்கே உட்கார்ந்து மலை ஏறியிருக்கிறது.

இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். பை மடிக்குப் போன உடனே விசாரணை ஆரம்பித்துவிடும். என்ன ஊர், எந்தத் தெரு, என்ன சம்பளம், கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் ஏன் ஒரே பிள்ளை. நான் குமுளி ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதப் போகிறவன். தினமும் அதே பஸ். என் மாமியார் கோபித்துக்கொண்டு போன கதை எனக்கு மறந்தாலும் அவருக்கு மறக்காது. குமுளியிலேயே ஒரு மசாலாக் கடையில் ஏலக்காய் பொட்டலம் போடுவது அவருக்கு வேலை. ஊருக்கெல்லாம் வரன் பார்ப்பது உயிர்.

போன ஐப்பசியில் ஒரு நாள், கம்பத்தில் ஏறிய இளவட்டம் ஒருவன் புத்தம்புதுப் பை ஒன்றை நீட்டினான்.

"அக்கா, கொஞ்சம் பிடிங்க."

வாங்கி மற்றப் பைகளுக்கு மேல் வைத்துக்கொண்டார். "பேரு என்னா தம்பி?"

"பேரு எதுக்குக்கா?"

"கல்யாணம் ஆயிருச்சா?"

இல்லை என்றதும், பழனிசெட்டிபட்டியில் நர்ஸாக இருக்கும் தன் அண்ணன் மகள் ஓவியாவின் படத்தைப் போனில் காட்டினார். அவ்வளவுதான். பையன் கேட்காததையும் சேர்த்துக் கொட்டினான். பெயர் பாண்டியராஜன், அப்பா பெயர் இன்னது, தெரு இன்னது, நட்சத்திரம் மகம்.

"ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். பொண்ணு வீட்ல கேப்பாக."

"இருங்கக்கா, அந்தப் பையத் தாங்க. மாட்டிக்கிட்டா நல்லாருக்கும்."

தோளில் மாட்டி, முடியை ஒதுக்கி, பல்லைக் காட்டி நின்றான். படம் எடுத்ததும் பை மறுபடி மடிக்கு வந்தது.

மலை ஏறுவதற்கு முன்னால் செக்போஸ்ட்டில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. பாண்டியராஜன் மெதுவாகப் பின்வாசல் பக்கம் நகர்ந்தான். பைகளைத் திறந்து காட்டும்படி இன்ஸ்பெக்டர் சொன்னதும், சோணையம்மாள் மடியிலிருந்து அவரவர் பையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்று மட்டும் மிஞ்சியது. ஜிப்பை இழுத்தால் உள்ளே பழுப்பு டேப் சுற்றிய பொட்டலங்கள்.

"கஞ்சா. எப்படியும் நாலு கிலோ தேறும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது அவுக பை இல்ல சார்" என்று எழுந்தேன்.

"அப்ப ஒங்களுதா?"

உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்குத் தெரியாது சாமி, பிடிக்கச் சொன்னாக, பிடிச்சேன்" என்றார் சோணையம்மாள்.

"தெரியாதுன்னு சொன்னா ஆச்சாம்மா? யார் கைல இருந்துச்சோ அவுகதான் தெரியாதுன்னு நிரூபிக்கணும். சட்டம் அப்படி. ஒரு கிலோவுக்கு மேல போனாலே பத்து வருசம் வரைக்கும் உள்ள இருக்கணும். அபராதம் வேற."

சோணையம்மாள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இத்தனை வருடத்தில் அவர் பேச முடியாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கடைசியில் கையை மட்டும் தூக்கிப் பின்வாசலைக் காட்டினார்.

"யாரு இந்தம்மா?" என்றான் பாண்டியராஜன். "இந்தப் பையவும் பாத்ததில்ல, இவுகளையும் பாத்ததில்ல."

அங்கேதான் அவன் கெட்டான். அக்காவுக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"பாத்ததில்லையா? ஏலே, ஓவியா படத்தப் பாத்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னது யாருலே?"

போனை நீட்டினார். அதே பை, அதே தோள், பல் அத்தனையும் தெரிந்தது. பெயர், தகப்பன் பெயர், தெரு என்று அக்கா அடுக்க அடுக்க ஏட்டுக்கு எழுதக் கை போதவில்லை. நட்சத்திரம் வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர்தான் தடுத்தார்.

இறக்கிக் கொண்டுபோகும்போது பாண்டியராஜன் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, இத மட்டும் ஓவியா வீட்ல சொல்லிராதீக."

"பத்து வருசமெல்லாம் பொண்ணு காத்திருக்காது, மாப்ள."

அக்காவைச் சாட்சியாக எழுதி வாங்கி, சாயங்காலம்தான் விட்டார்கள். போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதில் இன்னும் எத்தனை மாப்பிள்ளைகள் இருந்தார்கள் தெரியுமா என்று இன்றுவரை புலம்புகிறார். இனிமேல் யார் பையையும் தொடக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாராம்.

மறுநாள் எனக்குச் சீட்டு கிடைக்கவில்லை. பையைக் கொடுப்பதா வேண்டாமா என்று நான் தயங்க, அவரே பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது. உடனே ஜிப்பை இழுத்தார்.

"அக்கா, என்னா பண்றீக?"

"சோதன போடுறேன் தம்பி. எனக்குத் தெரியாதுன்னு நான் எங்கன போயி நிரூபிக்கிறது? அதுக்குத் தெரிஞ்சுக்கிறது சுலபம்ல."

டிபன் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். சுகர் மாத்திரை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடியிலிருந்து மைசூர்பாகுப் பொட்டலமும் வெளியே வந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ரெண்டையும் ஒரே பையில கொண்டு போறீக. இதுல எது கடத்தல் சரக்கு?"

மைசூர்பாகு பறிமுதலானது. குமுளியில் பையை மட்டும்தான் திருப்பிக் கொடுத்தார்.