அக்கியும் சேவல் இறகும்

எங்கள் வீட்டில் அக்கி எழுதுவார்கள். பானை வனைகிற குடும்பங்களில் இது வழக்கம்தான். உடம்பில் ஒரு பக்கமாகக் கொப்புளம் வரிசைகட்டி எரிந்தால், ஆய்க்குடிப் பக்கத்து ஜனங்கள் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். அம்மா காவிமண்ணைக் கரைத்து, சேவல் இறகால் கொப்புளத்தின் மேல் பூசி, ஓரத்தில் ஒரு சிங்கம் வரைந்து, வாய்க்குள்ளேயே மந்திரம் சொல்லுவாள்.

அந்த வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். டி.பார்ம் முடித்துவிட்டுத் தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். மாயக்காரர்கள் வாழும் நாடு. அங்கே மந்திரம் எல்லாருக்கும் தெரியும். கையில் இருக்கும் கருவிதான் அதற்கு உருவம் கொடுக்கும். அதே சொல்லைக் கோல் பிடித்துச் சொன்னால் நெருப்பு, கிண்ணம் ஏந்திச் சொன்னால் தண்ணீர். கருவியைத் தொலைத்தவனுக்கு என்ன ஆகும் என்ற இடத்தில் கதை நின்றுபோயிருந்தது.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டும் அண்ணாச்சி ஒருவர் வந்தார். நெற்றியின் வலப்பக்கம் முழுக்கக் கொப்புளம், மூக்கு நுனி வரை இறங்கியிருந்தது. இமை வீங்கி வலது கண் பாதி மூடிக்கிடந்தது.

"சீசன்ல ஒரு நாள் வண்டி நின்னா என் பொண்டாட்டி என்னைய அருவியில தள்ளிருவா தாயி. சட்டுன்னு எழுதிவிடு" என்றார். என்னைப் பார்த்து, "என்னடே டாக்டரு, லீவா?"

"ஆமா அண்ணாச்சி."

கண்ணருகே அக்கி வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும், விட்டால் பார்வையே போகலாம் என்பது எனக்குத் தெரியும். கடையில் எத்தனையோ பேரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அம்மா, இறகைக் காணோம் என்று தேட ஆரம்பித்தாள்.

"விரலால பூசேன்" என்றேன்.

"கையில இறகு இல்லாம மொத வார்த்தையே வராதுலே. நாக்கு அங்கனயே நின்னுரும்."

என் கதைக்கு வேண்டியது அதுதான். ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து உட்கார்ந்தேன். இறகு கூரை இடுக்கில் கிடைத்தது. அதைப் பிடித்ததும் அம்மாவின் தோள் இறங்கியது, உதடு தானாக அசைந்தது. வீங்கிய இமையில் காவி காய்ந்து வெடிப்பதுவரை எழுதினேன்.

அக்கி எழுதும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது வீட்டு வழக்கம். முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். முடிந்தபோது நான் மூன்றாவது பக்கத்தில் இருந்தேன். தலையை நிமிர்த்துவதற்குள் ஆட்டோ தெருமுனை தாண்டிவிட்டது.

அடுத்த இரண்டு நாளும் நான் கடையில் இருந்தபோது வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார். நானும் தேடிப் போகவில்லை. நாலாம் நாள் வலி தாங்காமல் துடித்தவரை அவர் மனைவி திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். முன்னமே வந்திருக்க வேண்டும் என்றார்களாம். வலது கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை.

பிறகு ஒருநாள் சொட்டுமருந்து வாங்கக் கடைக்கு வந்தார். வண்டியை இப்போது மச்சினன் ஓட்டுகிறான்.

"அம்மா எப்படி இருக்கா?"

"இறகைத் தொடுததே இல்ல அண்ணாச்சி. யார் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுதா."

"பாவம், அவ மேல குத்தம் இல்ல."

எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொல்லிவிட நினைத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அன்னைக்கு என் மூஞ்சியப் பாத்துப் பாத்து எழுதுனியே. மருந்து படிச்ச பய, கண்ணுக்கு ஏதும்னா சொல்லிருப்பானேன்னுதான் தெம்பா போனேன். அப்படி என்னடே எழுதுன?"

"கதை அண்ணாச்சி."

"கதையா" என்றார். மருந்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்கினார்.