இருபது நிமிட மீனோடு புனேயைச் சுற்றியது

ஆட்டோவில் இருந்தவர்கள்: நான், சிங்காநல்லூரில் மில் வேலை பார்த்து ஓய்ந்தவன். என் தங்கை செல்வி. அவள் வீட்டுக்காரர் தங்கவேல். ஓட்டுநர் ஷிண்டே. செல்வியின் மடியில் ஒரு பை. பைக்குள் ஒரு வெள்ளைக்காரரின் மீன்.

2006 ஆகஸ்ட், வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி. மழை. ஹடப்சரிலிருந்து மகர்பட்டாவுக்குப் போனோம். இரண்டு கிலோமீட்டர்.

புனேக்கு நான் வந்து மூன்று நாள். கோயமுத்தூரில் பம்பாய் போகிற குர்லா ரயில் ஏறி, ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்தே வந்தேன். கோட்டை காட்டுகிறேன், அரண்மனை காட்டுகிறேன் என்றார் மாப்பிள்ளை. ஒன்றும் பார்க்கவில்லை. பார்த்தது அடுப்புகள்தான். நம்மாட்கள் கேட்கிறார்கள் என்று எழுதுகிறேன்.

விஷயம் இது. மாப்பிள்ளை வேலை பார்த்த பட்டறையை மூடி ஐந்து மாதம் ஆகிறது. மகர்பட்டாவில் ஒரு கம்பெனி, வெளியூர் ஆட்களைத் தங்க வைக்க ஒரு பெரிய வீடு வைத்திருக்கிறது. கெஸ்ட் ஹவுஸ் என்கிறார்கள். அங்கே ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆள் தேடினார்கள். அன்றைக்கு ஒரு வேளை சமைத்துக் காட்ட வேண்டும். அங்கே தங்கியிருந்த நார்வேக்காரர் சரி என்றால் வேலை செல்விக்கு. இல்லையென்றால் அந்தக் குடும்பம் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவர் கேட்டது சால்மன் மீன். மீனையும் அவரே ஐஸில் வைத்துக் கொண்டு வந்திருந்தார். காலையில் மாப்பிள்ளை கையில் கொடுத்து, செய்முறையும் சொல்லி அனுப்பினார். மீனை வறுத்து, தேனையும் சோயா சாஸையும் சுட வைத்து, மேலே பளபளவென்று பூச வேண்டும். வேலை முடிந்து வந்து இருபது நிமிடத்தில் செய்து சாப்பிடுவார்களாம் அவர்கள் ஊரில்.

இருபது நிமிடம். நல்லது.

மத்தியானமே செல்வி மீனைக் கழுவி மஞ்சள் தடவிவிட்டாள்.

"மஞ்சள் எதுக்கு அம்மணி? அவரு சொல்லலையே."

"மஞ்சள் போடாம மீனை எப்பிடிண்ணா வாயில வெக்கறது? கவிச்சி போவ வேண்டாமா?"

ரோஜா நிறத்தில் இருந்த மீன் பூசணித் துண்டு மாதிரி ஆயிற்று. தேன் விலையைக் கேட்டுவிட்டு, நான் ஊரிலிருந்து கொண்டுபோன நாட்டுச்சர்க்கரையைப் பொட்டலம் கட்டிக்கொண்டாள்.

பாதி வழியில் ஷிண்டே மூக்கை உறிஞ்சினார். பையில் என்ன என்று இந்தியில் கேட்டார். மருந்து என்றார் மாப்பிள்ளை. ஷிண்டே வண்டியை ஓரம் கட்டினார். மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி வைத்தார். பிறகு ஓட்டினார்.

ஆறு மணி. கெஸ்ட் ஹவுஸ். பொறுப்பில் இருந்தவர் காளே. சமையலறை வாசலில் நின்றுகொண்டு கையை விரித்தார். அவர் சொன்னதை மாப்பிள்ளை தமிழில் சொன்னார்.

"ஷ்ராவண மாசமாமுங்க மச்சான். மாசம் முடியற வரைக்கும் இந்த அடுப்புல முட்டைகூட ஏறாதாம். அப்பறம் திமிங்கலம் கொண்டாந்தாலும் சமைச்சுக்கலாமாம்."

"நேத்தே சொல்றதுக்கென்ன?"

"கேட்டேன். நீங்க கேட்டீங்களாங்கறாரு."

கோபம் வந்தது. ஆனால் எங்கள் ஊரில் புரட்டாசியில் யாராவது மீனோடு வந்து அடுப்பைக் கேட்டால் நாங்கள் மட்டும் என்ன, உட்கார வைத்தா உபசரிப்போம்?

காளே ஒரு வழி விட்டார். வெளியே சமைத்துக் கொண்டுவந்தால் நார்வேக்காரர் தன் அறையில் வைத்துச் சாப்பிடலாம். எட்டரைக்கு அவர் சாப்பிடுவார்.

செல்வி வீட்டில் முடியாது. வீட்டுச் சொந்தக்காரம்மா மாடியில் இருக்கிறார். மீன் கூடாது என்று சொல்லித்தான் வீடு கொடுத்தார். கழுவியதே திருட்டுத்தனமாகத்தான்.

"கராடில கதிர் இருக்கான்" என்றார் மாப்பிள்ளை. ஈரோட்டுப் பையன். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஆறு கிலோமீட்டர். மறுபடி ஷிண்டே. இந்த ஊரில் மீட்டர் ஒன்று காட்டும். ஓட்டுநர் ஒரு அட்டையைப் பார்த்து வேறு ஒன்று சொல்வார். அட்டையில் இருப்பதுதான் சரியாம்.

முண்ட்வா பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. லாரி, பஸ், கம்பெனிப் பையன்களின் பைக். எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். ஷிண்டே இரண்டாவது ஊதுபத்தி கொளுத்தினார்.

ஏழு மணிக்குக் கராடி. கதிர் கதவைத் திறந்தான்.

"வாங்கண்ணா, வாங்கக்கா. கிச்சன் உங்களுதுதான். நாங்க நூடுல்ஸ் தவிர ஒண்ணும் பண்றதில்லீங்க."

"கேஸ் இருக்காப்பா?"

"இருக்குமுங்க."

இருந்தது, அகல் விளக்கு அளவுக்கு. சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன். காலி டப்பா மாதிரி ஆடியது. அடுப்பும் ஒன்றுதான். முதலில் மீன். அந்தத் தீயில் மீன் வறுபடவில்லை, குளிர் காய்ந்தது. பிறகு சர்க்கரை, சோயா சாஸ், இஞ்சி, பூண்டு. செல்வி கிண்டினாள். கிண்டிக்கொண்டே இருந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரில் சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"போதும் அம்மணி. இது மீனு. அதிரசமில்ல."

"எளசா இருந்தா வழிஞ்சு போயிரும்ணா. கேரியர்ல போவோணுமல்ல?"

"அவரு வழியற மாதிரிதான் கேட்டாரு" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப நீங்க வந்து கிண்டுங்க. அஞ்சு மாசமா சும்மாதானே இருக்கறீங்க."

மாப்பிள்ளை பால்கனிக்குப் போய்விட்டார். கதிர் செல்போனைப் பார்த்தான். பாகை ஊற்றும்போது தீ அணைந்தது. மீன் பளபளத்தது. படத்தில் இருப்பதுபோல என்று சொல்ல முடியாது, படம் யாரும் தரவில்லை. ஆனால் முகம் பார்க்கலாம்.

எட்டு மணிக்குத் திரும்பினோம். ஷிண்டே மறுபடி மோந்து பார்த்தார். இந்த மருந்து இப்போது நன்றாக இருக்கிறது, எந்த டாக்டர் கொடுத்தார் என்று கேட்டார். செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

எட்டே முக்காலுக்கு நார்வேக்காரர் அறை. ஆள் நல்ல உயரம். சாந்தமான முகம். காளே மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார், போகவும் இல்லை. கேரியரைத் திறந்தோம். மழைக்காற்றில் பாகு இறுகிக் கடலைமிட்டாய் ஆகியிருந்தது. அவர் முள்கரண்டியை வைத்தார். டக்கென்று சத்தம். மறுபடி வைத்தார். டக்.

செல்வி சுவரைப் பார்த்தாள்.

அவர் கரண்டியைத் திருப்பிப் பிடித்து ஓங்கித் தட்டினார். உடைந்தது. ஒரு சில்லை எடுத்துக் கடித்தார். பிறகு மீன். இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"அவரு சம்சாரம் செய்யறது இப்பிடி இல்லையாம்" என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

"எப்பிடியாம்?" என்றாள் செல்வி.

மாப்பிள்ளை கேட்டார். அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு நீளமாகப் பதில் சொன்னார்.

"அது மெத்துனு இருக்குமாம். வேலைய விட்டு வந்த அசதில தின்னுட்டே தூங்கிருவாராம். இதைத் தின்னா தூக்கமே வராதுங்கறாரு."

"திட்டறாரா?"

"தெரியல."

அதற்குள் அவர் இரண்டாவது துண்டைக் கையால் எடுத்துவிட்டார். கடவாயில் வைத்து உடைத்தார். விரலில் மஞ்சள். தட்டில் தோல்கூட மிஞ்சவில்லை. காளேயைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

காளே எங்களை வெளியே கூட்டிப் போனார். நாளையிலிருந்து இந்த அடுப்பிலேயே சமைக்கலாம். சைவம் மட்டும். மாசம் முடிந்து மீன். செல்வி அப்போதும் சிரிக்கவில்லை. எத்தனை பேருக்கு என்று கேட்கச் சொன்னாள். காளே உள்ளே போய், எத்தனை அறையில் ஆள் இருக்கிறது என்று சாவிகளைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

ஏழு.