கழுத்தில் பூசிய சந்தனம்

வாடிப்பட்டி டீக்கடை வாசலில் ஒரு அட்வென்ச்சர் பைக்கைப் பார்த்ததும் ஓடிப்போய் நின்றேன். புழுதி படிந்த ஜாக்கெட் போட்டிருந்த தாட்டியான மனிதர், ஹேண்டிலும் ஃபிரேமும் சேரும் கழுத்தில் பயபக்தியாகச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார். கிளம்பும்போதெல்லாம் பூசுவாராம்.

ஈரச் சந்தனத்துக்கு அடியில் ஒரு கோடு தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அண்ணே, ஃபிரேம்ல விரிசல் விட்டிருக்கு!”

“கத்தாத மாப்ள. போன மாசம் விழுந்துட்டேன். உள்ள டீ குடிக்கிற வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா வண்டிய வித்துருவா.”

“கழுத்து விட்டுப்போச்சுன்னா ரெண்டு பேரும் காலிண்ணே!”

“கொடைக்கானல் வரைக்கும் தாங்கும்யா.”

அவர் மனைவி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்தார். “சாமியும் நானும் ஒண்ணுதான் தம்பி, ரெண்டு பேருமே இவருக்கு வண்டிக்கு அப்புறந்தான்” என்று சிரித்தார்.

நான் சந்தனத்தைத் துடைத்துக் காட்டினேன். அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது.

அந்த மனிதரோ, விரிசலைப் போட்டதே நான்தான் என்பதுபோல என்னைப் பார்த்தார்.