முக்கால் ஒட்டகம்

லோவெல் ஹ்ருஸ்காவின் விமானத்துக்கு 'வாத்து' என்று பெயர் வைத்தவன் நான். வேறு யாரோ வைத்ததாக எங்கள் விமான மைதானத்தில் இப்போது பேச்சை மாற்றிவிட்டார்கள். என்மேல் இரக்கப்பட்டுச் செய்கிறார்கள். அந்த இரக்கம் எனக்கு வேண்டாம்.

லோவெல் எங்கள் நெப்ராஸ்கா ஊரில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பவன். ஜனவரிக் குளிரில் பதினேழு பேருந்துகளையும் கிளப்பிவிட்டுத்தான் முதல் வாய் காப்பி குடிப்பான். அதிகம் பேச மாட்டான். பேச ஆரம்பித்தாலும் பாதியிலேயே "சரி, விடு" என்று முடித்துக்கொள்வான். நாற்பத்தைந்து வயதுவரை ஊரில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை, 'பஸ் ஷெட்டுல இருக்கானே, அவன்' என்பார்கள். அப்படிப்பட்டவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த பன்றிக் கொட்டகையைக் கழுவித் துடைத்து, முதல் உலகப்போரில் பிரிட்டிஷ்காரர்கள் ஓட்டிய 'கேமல்' என்ற சண்டை விமானத்தை அதற்குள் முக்கால் அளவில் கட்ட ஆரம்பித்தான். கேமல் என்றால் ஒட்டகம். ஊர் சிரித்தது.

எங்களில் பத்துப் பேர் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள். பழைய போர் விமானங்களை மரமும் துணியுமாக வீட்டிலேயே கட்டிப் பறப்போம். ஒரு புல் ஓடுதளம், ஒரு தகரக் கொட்டகை, சனிக்கிழமைக் காலையில் காப்பியும் பிளம் பாகு வைத்த கொலாச்சி ரொட்டியும். நான் கட்டிய பிரெஞ்சு விமானம் இரண்டு கண்காட்சிகளில் முதல் பரிசு வாங்கியது. அதனால் என் வாய்ச்சொல்லுக்கு அங்கே மதிப்பு இருந்தது, எனக்கும் திமிர் இருந்தது.

லோவெல் ஒன்பது வருடம் கட்டினான். இறக்கைக்கும் வாலுக்கும் துணி போர்த்தித் தைத்தது அவன் மனைவி ஆர்லீன். இரண்டரை அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, அத்தனையும் கையால். அடுப்புப் புகைக்குழாயை வெட்டி இரண்டு பொய்த் துப்பாக்கிகள் செய்து மூக்கில் வைத்தான் லோவெல். அரசாங்க ஆய்வாளர் ஒரு முழு நாள் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு குறையும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முக்கால் அளவு விமானத்துக்கு வாலும் முக்காலாக இருந்தால் ஆபத்து. விமானத்தைச் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியாது. அதனால் அவன் வாங்கிய வரைபடத்தைப் போட்டவர், வாலில் நிமிர்ந்து நின்று மூக்கைத் திருப்பும் சுக்கானை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டிருந்தார். இது எங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான், அது முதன்முதலாக வெயிலுக்கு வந்த அன்று சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஒட்டகம்னு சொன்னியே லோவெல், பின்னாடி பாத்தா வாத்துல்ல நிக்குது" என்றேன்.

பெயர் ஒட்டிக்கொண்டது. யாரோ அதன் இருக்கையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்தார்கள். அவன் இறங்க வரும்போது ரேடியோவில் குவாக் குவாக் என்று கத்தினார்கள். லோவெல் சிரித்துக்கொண்டே "சரி, விடு" என்பான். எங்கள் கூட்டத்தில் ஒருவன் வேலையை இன்னொருவன் 'நல்லா இருக்கு' என்று சொல்லவே மாட்டான், கூச்சம். கேலி செய்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சும்மா இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். லோவெலுக்கு இந்தக் கணக்கு தெரியாது. புதிதாக வந்தவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

அந்தக் கோடையில் அவன் பதினோரு மணி நேரம் பறந்தான். விமானம் சொன்னபடி கேட்டது. செப்டம்பரில் பக்கத்து ஊரில் கண்காட்சி வந்தது. நடுவர்கள் மூவரில் நானும் ஒருவன்.

அதற்கு முந்தைய சனிக்கிழமைக் காலை. மூக்கில் இருக்கும் விசிறியைக் கையால் சுழற்றித்தான் அவன் எஞ்சினைக் கிளப்ப வேண்டும், அது எப்போதும் என் வேலை. கொட்டகைக்குள் போனபோது லோவெல் ஏற்கெனவே இருக்கையில் ஏறி வாரை மாட்டியிருந்தான். சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனிந்தபோது வாலைப் பார்த்தேன். சுக்கானைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு வெட்டிவிட்டு, புதுத் துணி போர்த்தியிருந்தான்.

"வாலை என்ன பண்ணுன?" என்றேன்.

"அசல் கேமலோட அளவுக்குக் கணக்குப் போட்டு வெட்டிட்டேன். முக்கால்னா எல்லாமே முக்கால்." அவன் முகம் பள்ளிக்கூடத்துப் பையன் முகமாக இருந்தது. "இப்ப என்ன சொல்லுற, வெர்ன்?"

இறங்குடா என்று சொல்லியிருக்க வேண்டும். மாற்றியதைப் பதிவேட்டில் எழுதினாயா, ஆய்வாளருக்குச் சொன்னாயா என்று சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் இறங்கு என்றால், அப்புறம் எதற்கு இத்தனை நாள் வாத்து வாத்து என்றாய் என்று கேட்பான். பின்னால் நாலு பேர் காப்பியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"வாத்து இளைச்சுப்போச்சே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் விசிறியைச் சுழற்றினேன்.

வானத்தில் ஏறினான். நேராகப் பறந்தவரை ஒன்றும் தெரியவில்லை. இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் திரும்பினான். திரும்பிய மூக்கு நிற்கவேயில்லை, போய்க்கொண்டே இருந்தது. பிடித்து நிறுத்த வாலில் பலம் போதவில்லை. ஒரு இறக்கை தொங்கியது. ஒன்றரைச் சுற்று. வேலிக்கு அப்பால் சோளக்காட்டில் விழுந்தது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் லோவெல் போய்விட்டான். பெட்ரோல் குழாயை நான்தான் மூடினேன்.

விசாரணைக்கு வந்த பெண் அதிகாரி நாடாவை வைத்துச் சுக்கானை அளந்தார், வரைபடத்தோடு ஒப்பிட்டார். அனுபவமுள்ள ஆளாகத் தெரிகிறாரே, ஏன் வெட்டினார் என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். காரணம் தெரியவில்லை என்றுதான் அறிக்கையில் எழுதியிருக்கிறது.

அறிக்கை வந்த வாரம் ஆர்லீன் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். சமையலறை மேசையில் அந்த அறிக்கையும், பக்கத்தில் வாலிலிருந்து வெட்டியெடுத்த மரத்துண்டுகளும் இருந்தன. துணி இன்னும் ஒட்டியிருந்தது, அவள் போட்ட முடிச்சுகளும்.

"காரணம் தெரியலையாம்" என்றாள். "உனக்குமா தெரியல?"

சொல்லிவிட்டேன். பெயர் வைத்தது, கேலி செய்தது, அன்று காலை அவன் கேட்டது, நான் சொன்னது, எல்லாம்.

"ஒம்போது வருஷமா தினமும் நான் சொன்னேன், அழகா இருக்குன்னு" என்றாள். "என் பேச்சு அவருக்குக் கணக்கே இல்ல. நீ ஒருதடவை சொல்லணும்னு இருந்தாரு. உனக்கு அது நெசமாவே பிடிக்கலையா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை. "என்னோடதவிட நல்லா இருந்துச்சு ஆர்லீன். பாத்த அன்னைக்கே தெரியும்."

அவள் மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே, வெர்ன்" என்றாள்.