செவலைக்கு வெறும் வயிறு

“முந்தியை உதறுங்கக்கா. ம்... தூக்குவாளியத் திறங்க.”

ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே, பட்டாசு கம்பெனி வாசலில் நின்று பானுப்பிரியா பெண்களைச் சோதித்து உள்ளே விடுகிறாள். செல்போன், தீப்பெட்டி எதுவும் அவளைத் தாண்டாது. சொந்த நாத்தனாரும் வரிசையில்தான் வர வேண்டும். சோதிக்கும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை. “மூஞ்சியப் பாத்தா இரக்கம் வந்துரும்” என்பாள்.

அந்த இரக்கமெல்லாம் செவலைக்கு. எலும்பும் தோலுமாகக் கம்பெனி வேலியோரம் கிடந்த பெட்டை நாயைத் தூக்கிவந்து வளர்த்தாள். இப்போது எங்கள் தெருவே அதற்குச் சோறு போடுகிறது.

போன தீபாவளி சீசனில் அதன் மடியில் ஒரு கட்டி. மயக்க மருந்து கொடுத்து அறுத்தெடுத்துவிடலாம் என்றார் சாத்தூர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஆர்த்தி. முந்தின ராத்திரியிலிருந்து எதுவும் தின்னக் கூடாது.

ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். பானுப்பிரியா கெஞ்சி லீவு வாங்கினாள். காலையில் ஆட்டோவில் ஏற்றும்போது, பக்கத்து வீட்டுப் பெத்தணன் பாசத்தில் ஒரு துண்டு வடையை நீட்டிவிட்டார். தடுப்பதற்குள் செவலை விழுங்கிவிட்டது.

“வெறும் வயிறுதானேம்மா?” என்று டாக்டர் கேட்டார். தலையாட்டியிருந்தால் வேலை அன்றே முடிந்திருக்கும்.

“இல்லங்க டாக்டரம்மா. ஒரு துண்டு வடை தின்னுருச்சு.”

“மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழல்ல போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. அடுத்த வாரம் கொண்டாங்க.”

மறுபடியும் லீவு கேட்டதும் போர்மேன் நல்லசிவம் முகம் சுளித்தார். “ஒரு துண்டு வடைதானம்மா?”

“ஒரு குச்சிதானன்னு தீப்பெட்டியோட வாரவள நான் உள்ள விட்டா, நீங்க சும்மா இருப்பீகளா சார்?”

அவர் லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

இந்த முறை முந்தின நாள் சாயங்காலமே வீடுவீடாகப் போனாள். “எம் பிள்ளைக்கு நாளைக்கு ஆபரேசன். ஒருத்தரும் ஒரு பருக்கை போட்டுறாதீக.” கழுநீர்ப் பானையைக் கவிழ்த்தாள். குப்பையில் கிடந்த மீன்முள்ளைக் குழி தோண்டிப் புதைத்தாள். வீட்டுக்குள் கட்டிப்போட்ட செவலை, காலிச் சோற்றுக் கும்பாவை மூக்கால் தள்ளித் தள்ளி அவளையே பார்த்தது. இந்த முகத்தைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. ஆனாலும் இளகவில்லை. விடிந்ததும் அதன் வாய்க்குள் விரல்விட்டுத் துழாவிப் பார்த்தாள். தெருமுனையில் பெத்தணன் கம்போடு நின்றார். “ஏலே, தீனியோட இந்தப் பக்கம் எவனும் வரக்கூடாது!”

ஊசி போட்டதும் செவலையின் தலை அவள் உள்ளங்கையில் கனத்தது. நாக்கு வெளியே சரிந்தது. வெடிச்சத்தத்துக்கு அசையாதவள், அதன் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். வெளியே போகச் சொன்னார்கள். கழற்றிய கழுத்துப்பட்டையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். பெஞ்சு இருந்தும் உட்காரவில்லை.

கதவு திறந்தது. “கட்டி முழுசா வந்துருச்சும்மா. இப்படித்தான் தயார் பண்ணிக் கொண்டுவரணும். மூச்சு கொஞ்சங்கூடத் தடுமாறல” என்றார் டாக்டர்.

“எம் பிள்ளையாச்சே” என்றாள் பானுப்பிரியா. கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தபோது நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். ஆட்டோக்காரரை மெதுவாகப் போகச் சொன்னாள். அரை மயக்கத்தில் மடியில் கிடந்த செவலையின் மேலிருந்த துண்டை விலக்கி, தையல் போட்ட பக்கம் தெருவுக்குத் தெரியும்படி பதமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.